போதுங்க என்றால் இன்னொன்று வை

சென்னையில் எந்த உணவகம் நல்லது என்று தெரிந்துகொள்ள ஒரு மாதம் கைபேசியைத் தேய்த்தேன். ஊர்ப்பட்ட பேர் எழுதியிருந்தார்கள். விளக்கு மங்கலாக, இதமாக இருந்ததாம். சுவரில் மாட்டியிருந்த படங்கள் அருமையாம். கழிப்பறையில்கூட மல்லிகை வாசமாம். ‘ஆம்பியன்ஸ்’ என்ற சொல்லை அந்த ஒரு மாதத்தில் பார்த்த அளவுக்கு என் கல்லூரிப் படிப்பு முழுவதிலும் பார்த்ததில்லை. வயிறு நிறைந்ததா என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்களுக்கு அது தோன்றவே இல்லை.

எனக்கோ அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. ஏனென்றால் பிறந்தநாளுக்குக் கூட்டிக்கொண்டு போக இருந்தது என் அம்மாவை.

அம்மா ஆடி நோம்பிக்கு மறுநாள் பிறந்தவள். எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்றுதான் சொல்வோம். ஆதார் அட்டையில் ஜனவரி ஒன்று என்றிருக்கிறது. அது முகாமுக்கு வந்த ஆள் தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட தேதி. அந்தத் தேதியில் எங்கள் ஊரில் பாதிப் பேர் பிறந்திருக்கிறார்கள். அந்த எரிச்சலை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். ஆடிப் பதினெட்டுக்குச் சுட்ட பலகாரத்தின் மீதியைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் வலி வந்தது என்று அம்மாவைப் பெற்றவள் சொல்லியிருக்கிறாள். அதைவிட உறுதியான சான்று வேண்டாம்.

எங்கள் ஊர் வெண்ணந்தூர்ப் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா அதே கூடத்தில் தார் சுற்றுகிறாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டைக்குள் வைக்கும் நூல்குச்சியைத்தான் தார் என்பது. அது போக வீட்டில் இரண்டு எருமைகள். நான் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து டிவி ஏன் ஓடவில்லை என்பது வரைக்கும் வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள். ‘படிச்சவனக் கேளு’ என்பது எங்கள் வீட்டில் ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசை அக்கா சென்னையில் வளர்ந்தவர். கடை சொல்லுங்கள் என்று கேட்டதும் அவர் திருப்பிக் கேட்டார்.

“உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்? அத முதல்ல சொல்லுப்பா. அப்புறம் கடை சொல்றேன்.”

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்குப் பிடித்தது தெரியும், எனக்குப் பிடித்தது தெரியும், எருமைக்கு எந்தத் தவிடு ஒத்துக்கொள்ளும் என்பதுகூடத் தெரியும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைக் கேட்டேன்.

“அம்மா, உனக்கு என்ன திங்கப் புடிக்கும்?”

“எல்லாம் புடிக்குஞ் சாமி.”

“எல்லாம்னா?”

“உங்கொப்பனுக்குக் களி. உனக்குப் பருப்புஞ் சோறு, முருங்கைக்காய்...”

“உனக்கும்மா. உனக்கு.”

தவிடு கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது. நான் ஏதோ வாய்ப்பாடு கேட்டுவிட்ட மாதிரி முழித்தாள். எருமை வாளியை முட்டியது. அதைத் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

“நாஞ் சுடாத தோசை.”

“என்னது?”

“நாஞ் சுடாத தோசை, சாமி. சூடா. ஒண்ணைத் தின்னு முடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு வரோணும். அவ்வளவுதான்.”

வாசலில் உட்கார்ந்து பீடியை அணைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு இது காதில் விழுந்துவிட்டது.

“இதுக்கு மெட்ராசு வரைக்கும் போகோணுமா? ராசிபுரத்துல தோசைக்கல்லு ஓட்டையாப் போச்சா?”

“ராசிபுரத்துல போயி உக்கார முடியுங்களா?” என்றாள் அம்மா. “போன வருசம் ஆசுபத்திரிக்குப் போனப்ப ஒரு டீ குடிச்சதுக்கே, ஏன் உங்கூட்ல அடுப்பு பத்தலையான்னு தறிக்கூடத்துல கேட்டுப்போட்டாங்க. சேலத்துல போயி உக்காந்தாலும் நம்மூர்க்காரங்க ஒருத்தராச்சும் உள்ள வந்துருவாங்க.”

இது பொய்யில்லை. ஆண்கள் கடையில் தின்றால் பசி என்பார்கள். பெண் கடையில் உட்கார்ந்து தின்றால் அவள் வீட்டுக் குடித்தனத்தையே சந்தேகப்படுவார்கள். இதை மாற்றுகிற தெம்பு எனக்கு இல்லை. நம்மூர்க்காரர் யாரும் நுழையாத தூரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற தெம்பு இருந்தது. கடலும் பார்த்த மாதிரி ஆகும். எருமைகளுக்காக அப்பா வீட்டில் இருக்க வேண்டியதாகிவிட்டது.

“கூட்டிட்டுப் போ சாமி, நான் ஒண்ணும் வேண்டாங்கல,” என்றார் அப்பா. “ஆனா இவ அங்க அரை வயித்தோடதான் திரும்பி வருவா. பாத்துக்க.”

“ஏனுங்கப்பா அப்பிடி சொல்றீங்க?”

“இவ வாயில போதுங்கறதத் தவிர வேற என்ன வரும்? அங்க இருக்கறவன் அதைக் கேட்டுப்போட்டுப் போயிருவான்.”

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘போதுங்க’ என்றால் போதும் என்று அர்த்தமில்லை. ஒறம்பரை வீட்டில், அதாவது சொந்தக்காரர் வீட்டில், விருந்துக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் போதுங்க வெறும் மரியாதைக்கு. அதைக் காதில் வாங்காமல் வைக்க வேண்டும். இரண்டாவது போதுங்க என்றால், வைக்கிறவர் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தலாம். ‘ஐயோ சாமி’ என்றால் பாதிக் கரண்டி. ஒரு கையால் இலையை மறைத்தால் விரலிடுக்கில் கொஞ்சம் விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு கையையும் இலைமேல் கவிழ்த்து முன்னால் குனிந்துவிட்டால்தான் உண்மையாகவே வயிறு நிறைந்தது என்று பொருள். முதல் கேள்விக்கே ‘வைங்க’ என்று சொல்லிவிட்ட ஒரு மாப்பிள்ளையைப் பற்றி எங்கள் ஊரில் அடுத்த நோம்பி வரைக்கும் பேசினார்கள்.

அம்மா இந்த இலக்கணத்தை ஒரு பிழையில்லாமல் கடைப்பிடிப்பவள். வீட்டில் அவளுக்கு எதிரில் நின்று இரண்டாவது தடவை கேட்பதற்குத்தான் ஆளில்லை. தன் அம்மா எல்லோருக்கும் கடைசியாகத் தின்றதையும் தின்னாமல் படுத்ததையும் பெருமையாகச் சொல்லிக் கைதட்டு வாங்குகிற மேடைப்பேச்சுகளைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பசி என்ன பெருமை? அவள் தின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா சொன்னதைப் பொய்யாக்கிக் காட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அக்கா பல கடைகளைச் சொன்னதில் மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். நோம்பிக்கு மறுநாள் மதியத்துக்கு, பழைய பங்களாவில் நடக்கும் ஒரு கடை. இரவுக்கு, கிராமத்து விருந்து போடுகிற கடை. அடுத்த நாள் காலைக்கு, ஒரு பெரிய நட்சத்திர ஓட்டல். மூன்று இடத்துக்கும் போன் போட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: தோசை இருக்குமா, கேட்காமலேயே அடுத்தது கொண்டு வருவீர்களா? முதல் இடத்தில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பியானோ இசையைப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது இடத்தில், “இருக்கு சார், ஏதாவது விசேஷமா?” என்று கேட்டார்கள். அம்மாவுக்குப் பிறந்தநாள் என்று நான் வாயை விட்டேன். மூன்றாவது இடத்தில், “எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம் சார், லிமிட்டே கிடையாது,” என்றார்கள். அதைக் கேட்டதும் என் மனதுக்குள் ஒரு சிம்மாசனம் போட்டு அந்த ஓட்டலை உட்கார வைத்தேன்.

காலை ரயிலில் கிளம்பினோம். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் மூடி போட்ட ஒரு தூக்குப்போசியும் வைத்திருந்தாள். வழிக்கு ஒன்றும் செய்யாதே என்று நான் முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

“அதுல என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சாமி, தண்ணி.”

தண்ணீரிலிருந்து புளிச்சோற்று வாசம் வந்தது. பிறந்தநாளும் அதுவுமாகச் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பங்களாக் கடையில் எங்களைக் கதவருகே ஒருவர் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, ஆங்கிலத்தில் பதிவு உண்டா என்று கேட்டார். உண்டு என்று தமிழில் சொன்னேன். மறுபடி ஆங்கிலத்திலேயே இந்தப் பக்கம் வரச் சொன்னார். அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர் சுத்தத் தமிழ்ப் பெயர். என் அம்மாவுக்கு முன்னால் அவர் எந்த நாட்டுக்காரராக நடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தோசை வந்தது. முறம் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தட்டு. அதன் ஓரத்தில் கைக்கடிகார அளவில் நாலைந்து தோசைகள். ஒன்று பீட்ரூட் சிவப்பு, ஒன்று கீரைப் பச்சை. சட்னியைச் சொட்டுச் சொட்டாகத் தட்டில் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி வைத்திருந்தார்கள்.

அம்மா குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “இது கொழந்தைக்குச் சுட்டதா சாமி?”

“பெரியவங்களுக்குத்தாம்மா. தின்னு.”

சிவப்பைத் தின்றாள். நல்லாத்தான் இருக்குது என்றாள். பச்சையைத் தின்றாள். கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம் என்று கையைத் தட்டிலிருந்து எடுத்தாள். அவ்வளவுதான், பரிமாறுகிறவர் எங்கிருந்தோ முளைத்து வந்து, “முடிச்சாச்சா மேடம்? எடுத்துரலாமா?” என்றார்.

அம்மா சிரித்தாள். விருந்துக்குப் போன இடத்தில் சிரிக்க வேண்டிய சிரிப்பு அது. “போதுங்க,” என்றாள்.

தட்டு போய்விட்டது. மீதி தோசைகளும் அதோடு போயின. அந்தத் தட்டு மேசைகளுக்கு நடுவே வளைந்து சமையற்கட்டுக் கதவுக்குள் மறைகிற வரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டாந் தடவ கேப்பாங்கன்னு பாத்தேன்,” என்றாள்.

எழுந்துபோய் அவரைப் பிடித்தேன். “அவங்க இன்னும் சாப்பிட்டே முடிக்கலைங்க. ஏன் எடுத்தீங்க?”

“மேடம் போதும்னு சொன்னாங்களே சார்?”

“சொன்னாங்க. ஆனா அதுக்கு அர்த்தம் அது இல்ல.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. இன்னொரு தட்டு கொண்டுவரச் சொல்லிவிட்டுத் திரும்பினால், அம்மா கை கழுவிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். எழுந்த இடத்தில் மறுபடி உட்கார்ந்து தின்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பியதும் அம்மா தூக்குப்போசியைத் திறந்தாள். தன் பிறந்தநாளில், கோழி கூவும் முன் எழுந்து, தானே கிளறிய புளிச்சோற்றை, சென்னையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தின்றாள். எனக்கும் ஒரு கை நீட்டினாள். நான் வாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா கூப்பிட்டார்.

“என்ன சாமி, சாப்ட்டாளா?”

“சாப்ட்டாங்க.”

“தோசையா?”

“ம்.”

“உம்பேச்சுல புளி வாசம் அடிக்குதே,” என்றார். போசியைக் கழுவி வைத்ததை அவர் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அம்மா காலை நனைத்துக்கொண்டு, இவ்வளவு தண்ணி இருந்து என்ன பிரயோசனம், ஒரு எருமை குடிக்க முடியாது என்றாள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் எனக்கு யார்மேலும் கோபம் இல்லை.

இரவு கிராமத்து விருந்துக் கடை. வாசலில் ஒரு மாட்டு வண்டி, மாடு இல்லாமல். உள்ளே வைக்கோல், அரிக்கன் விளக்கு, சுவருக்குச் சாணி மெழுகின மாதிரி ஒரு பூச்சு. தலைப்பாகை கட்டிய ஆட்கள், “வாங்க வாங்க! வணக்கமுங்கோ!” என்று நாடகத்தில் வருகிற மாதிரி எங்கள் பேச்சைப் பேசினார்கள். அம்மா நின்று, “எந்தூருங்க நீங்க?” என்று ஆசையாகக் கேட்டாள். தலைப்பாகைக்காரர் தன் ஊர்ப்பேச்சுக்கு மாறி, ஏதோ கடலோரத்து ஊரைச் சொன்னார். அந்த ‘ங்கோ’ சம்பளத்துக்குச் சொல்வது என்று தெரிந்ததும் அம்மா முகம் சற்று வாடியது.

தோசை கேட்டேன். இரவில் தோசை இல்லை, ‘கிராமத்துத் தட்டு’ மட்டும்தான் என்றார்கள். போனில் கேட்டபோது இருக்கிறது என்றார்களே என்றேன். அது தனியாகச் செய்யும் ‘விசேஷப் பதிவு’க்கு மட்டும் என்றார்கள். தட்டு வந்தது. சின்னச் சின்ன மண் கலயங்கள். ஒன்றில் கம்பங்கூழ், சளிக்கு மருந்து கொடுக்கிற அளவு. ஒன்றில் நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை.

அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். “சாமி, இது களி.”

“ஆமாம்மா.”

“களியத் திங்கறதுக்கா ரயிலேறி வந்தம்?”

அதற்குள் விளக்குகள் அணைந்தன. தலைப்பாகைக்காரர்கள் எல்லோரும் வரிசையாகக் கைதட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் பிறந்தநாள் பாட்டுப் பாடியபடி வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் ஒரு துண்டு கேக், கேக் நடுவில் எரிகிற மெழுகுவத்தி. தாம்பாளத்தை அம்மா முகத்துக்கு நேராக நீட்டினார்.

எங்கள் ஊரில் தாம்பாளத்தில் நெருப்பு வந்தால் என்ன செய்வார்களோ அதை அம்மா செய்தாள். சட்டென்று எழுந்து நின்று, செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் சுடரின் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் ஒற்றிவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்துத் தட்டில் போட்டாள்.

பாட்டு பாதியில் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“ஊதுங்கம்மா, ஊதி அணைங்க,” என்றார் தாம்பாளக்காரர்.

“வெளக்கை ஊதறதா?” அம்மா பதறினாள். “நல்ல நாள்ல அப்படியெல்லாம் செய்யப்படாதுங்க.”

“பணத்த எடுத்துக்கங்கம்மா.”

“தட்டுல போட்டத எடுப்பாங்களா?”

பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் கைபேசியை உயர்த்தி இதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் நேராக அவரிடம் போனேன்.

“அழிங்க.”

“ப்ரோ, க்யூட்டா இருந்துச்சு, அதான்.”

“எங்கம்மா உங்களுக்கு வேடிக்கையா? அழிங்க.”

“தப்பா ஒண்ணும் போட மாட்டேன் ப்ரோ. செம வைரலாகும்.”

வைக்கோலையும் வண்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த வைக்கோல் இருக்கிற ஊரிலிருந்து ஒருத்தி வந்து அந்த ஊர்ப்படி நடந்தால் சிரிப்பார்கள். கிராமம் வேண்டும், கிராமத்தாள் மட்டும் வேண்டாம். நான் இதை அவரிடம் சொன்னேனா, கத்தினேனா என்று நினைவில்லை. எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. அவர் அழித்தார். அழித்ததைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் திரும்பினேன்.

மெழுகுவத்தி அதற்குள் உருகி வழிந்து கேக்கின் மேலெல்லாம் உறைந்திருந்தது. அம்மா அது தானாக அணைகிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூழ் ஆறி ஏடு கட்டியிருந்தது. பரிமாறுகிறவர் தூரத்திலிருந்தே, “வேற ஏதாவது?” என்றார்.

“போதுங்க,” என்றாள் அம்மா.

தெருவில் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏஞ் சாமி சண்டை புடிக்கற? நெருப்பு வந்தாக் கும்பிடாம வேறென்ன பண்றது?” என்றாள். அவளுக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் எனக்குத்தான். அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

மறுநாள் காலை கடைசி வாய்ப்பு. மதியம் ரயில். என் சிம்மாசன ஓட்டலுக்குப் போனோம். கூடம் ரயில் நிலையம் மாதிரி இருந்தது. பண்டங்களை நீளமாக அடுக்கி வைத்திருந்தார்கள், ஓரத்தில் ஒரு பெரிய தோசைக்கல்லும் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரரும். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

“ஏஞ் சாமி, யாரும் வெக்க மாட்டாங்களா?”

“இங்க நாமளே போய் எடுத்துக்கோணும்மா. எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம்.”

“நானாப் போயி எடுத்துத் திங்கறதா?” முகம் சுருங்கிவிட்டது. “ஒறம்பரையா வந்தமா, களவாங்க வந்தமா?”

போதுங்க என்ற சொல்லைச் சொல்வதற்குக்கூட எதிரில் ஒருத்தர் இல்லாத இடத்துக்கு அவளைக் கூட்டி வந்திருந்தேன். இதற்குத்தான் அத்தனை பேர் அத்தனை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அப்பாவின் குரல் காதில் கேட்டது. நான் எழுந்து தோசைக்கல் பக்கம் போனேன்.

முதல் தோசையை ஆவி பறக்கக் கொண்டுவந்து அவள் தட்டில் வைத்தேன். தின்னத் தொடங்கினாள். அது பாதியாகும் முன் ஓடிப்போய் அடுத்ததற்கு நின்றேன். கொண்டுவந்து நீட்டியபோது, அவளுக்குப் பழக்கமான அந்தச் சொல் வந்தது.

“போதுஞ் சாமி.”

வைத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒறம்பரை வீட்டு ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் உதடு லேசாக விரிந்தது. விளையாட்டு புரிந்துவிட்டது.

அடுத்தது. “ஐயோ போதும், வயித்துக்கு எச்சாகுது.”

“நோம்பிக்கு வந்துட்டு இப்பிடிக் கொறிச்சா எப்பிடிங்க? ஒண்ணே ஒண்ணு.”

“வேண்டாங்கறேன்ல.”

“ஊட்டுக்குப் போயி எங்களத்தான கொறை சொல்லுவீங்க?”

எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணினால் கண்பட்டுவிடும். எங்கள் சத்தம் கூடத்துக்குள் எதிரொலித்தது. அப்போதுதான் கோட்டுப் போட்ட மேலாளர் ஒருவர் வந்து என் பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில் பேசினார்.

“சார், பக்கத்து டேபிள் கெஸ்ட் கொஞ்சம் கவலைப்படறாங்க. மேடம் வேண்டாம் வேண்டாம்னு சொல்றாங்க. நீங்க கட்டாயப்படுத்தறீங்கன்னு...”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. நான் என் அம்மாவைக் கொடுமைப்படுத்துகிறேனாம். நேற்று முழுவதும் இந்த ஊர் அவளைப் பட்டினி போட்டபோது கவலைப்பட ஒரு ஆள் இல்லை. அவள் தட்டில் தோசை விழுந்ததும் கவலை வந்துவிட்டது.

“எங்க ஊர்ல இப்படித்தாங்க வெப்போம்,” என்றேன், முடிந்த அளவு மெதுவாக.

அவர் என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் குனிந்தார். நல்லவர்தான். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். “மேடம், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?”

என் அம்மாவிடம் அவள் ஆயுளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. வேண்டும் என்றால் நாக்கு நீளம் என்று பேராகிவிடும். வேண்டாம் என்றால் தோசை போய்விடும். நான் கையில் தட்டோடு நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தோசையைப் பார்த்தாள்.

“பையன் ஆசையா வெக்கறானுங்க,” என்றாள். “வேண்டாம்னா அவம் மனசு நோகுமுங்களே.”

அவருக்கு அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று புன்னகைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அந்தத் தோசையை வைத்தேன். அதைத் தின்றாள். அடுத்ததைக் கொண்டுவந்தபோது அம்மா இரண்டு கையையும் தட்டின்மேல் கவிழ்த்து, முன்னால் குனிந்து, “சாமி, சத்தியமா!” என்றாள். வளையல் தட்டில் மோதிச் சத்தம் கேட்டது. நான் நிறுத்தினேன்.

கையில் மிஞ்சிய தோசையை நின்றபடியே நான் தின்றேன். ஆறிப் போயிருந்தது.

ரயில் காட்பாடி தாண்டியதும் அப்பா கூப்பிட்டார். நான் ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் வைத்தேன். வெற்றிச் செய்தியை அவர் அம்மா வாயாலேயே கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

“ஏ புள்ள, சாப்ட்டியா?”

“சாப்ட்டனுங்க.”

“எந்த மட்டுக்கு?”

“ரெண்டு கையும் வெச்சு மறைச்சுப்போட்டனுங்க.”

மறுமுனையில் பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

“அட! யாரு வெச்சாங்க? ஓட்டல்காரங்களா?”

“அவங்க எங்க வெக்கறாங்க? நம்ம பையந்தான் நின்னு நின்னு வெச்சான்.”

அப்பா சிரிக்கத் தொடங்கினார். “அடக் கெரகமே! இவன் வெக்கறதுக்கு எதுக்கு மெட்ராசு? ஊட்லயே வெச்சிருக்கலாமல்ல?”

சுருக்கென்றது. ஒரு மாதமாகக் கைபேசியில் நட்சத்திரம் போட்டவர்கள்மேல், தட்டை எடுத்தவர்மேல், பாட்டுப் பாடியவர்கள்மேல், கோட்டுப் போட்டவர்மேல் சேர்த்து வைத்திருந்த கோபத்தையெல்லாம் இப்போது அப்பாமேல் கொட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா கேட்ட அன்றைக்குப் போலவே ஒன்றும் வரவில்லை.

அம்மாதான் போன் பக்கம் குனிந்தாள்.

“ஏனுங்க, நீங்களுந்தான் வெச்சிருக்கலாம்.”

அப்பா தொண்டையைச் செருமினார்.

“செரி செரி. எருமைக்குத் தண்ணி காட்டோணும். வெச்சர்றேன்.”

“எதைங்க?” என்றாள் அம்மா.